தாலிக்கு முன்னால் இரண்டு டம்ளர் பானகம்

சமையல்காரனுக்குச் சர்க்கரை வந்தால் ஊருக்கே சிரிப்பு. "பாயசம் கிண்டறவனுக்கே பாயசம் ஆவாதாமே" என்று பந்தியில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், இலை எடுக்கிறவரைக்கும் அது ஓடும். நானும் கூடவே சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு மாஸ்டரைத் தேடுவார்களே என்ற பயம்தான்.

இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன், பயமும் போய்விட்டது. திருத்தணியில் மலையைச் சுற்றியிருக்கும் கல்யாண மண்டபங்களில் நான் நிற்காத அடுப்படி இல்லை. கேட்டரிங் படித்துவிட்டு, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு, நூறு பேருக்கு எவ்வளவு பருப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. உங்களில் சிலருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. யார் யார் என்று இங்கே உடைக்கமாட்டேன். எல்லோரும் டீ குடிக்கும்போது "வேணாம்ணே, இப்பதான் குடிச்சேன்" என்று ஒதுங்குகிற முகம் எனக்கு அத்துப்படி. அந்த முகத்தோடு நானே பல வருடம் நின்றவன்.

எனக்கு நாற்பது வயதுக்குள் வந்துவிட்டது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "ஊசி போட்டுக்கிட்டா சோறு கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்" என்றார். "நான் சமையல்காரங்க, எனக்கு எப்பவும் சோறு கைக்கெட்டற தூரத்துலதான் இருக்குது" என்றேன். அவர் சிரித்துவிட்டு அனுப்பினார். பாவம், அவருக்கு நம் தொழில் தெரியாது.

கடைசிப் பந்தி எழுந்து, கல்யாண வீட்டார் கை கழுவிய பிறகுதான் சமையல்காரன் சாப்பிட வேண்டும் என்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். சமைத்தவன் முந்திக்கொண்டால் பண்டம் எச்சிலாகிவிடுமாம். எங்காவது வடை குறைந்தால் அவன் வயிற்றுக்குள்தான் போயிருக்குமாம். மண்டபம் நிறைய ஆட்களுக்குச் சமைத்துவிட்டுத் தான் மட்டும் பட்டினியாக நிற்பதில் நம்மவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஊசி பெருமையெல்லாம் பார்க்காது. போட்ட நேரத்திலிருந்து, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

வெளியே தெரியாத வேலை என்று ஒன்று உண்டு, கேளுங்கள். எழுந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். என் கால் மரத்துப்போனது. ஒரு தடவை கீழே விழுந்த அடுப்புக் கங்கு மேல் நின்றுகொண்டு வாழைக்காய்க்காரனோடு பேரம் பேசியிருக்கிறேன். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். அது ஆற மாதக்கணக்கில் ஆனது. அதிலிருந்து கான்வாஸ் ஷூ. அடுப்புக்குப் பூஜை போட்ட இடத்தில் ஷூவா என்று பெரியவர்கள் முறைப்பார்கள். கற்பூரம் காட்டும்போது கழற்றுவேன், காட்டி முடித்ததும் மாட்டிக்கொள்வேன். அப்புறம் மருந்து. மண்டபத்து ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கும் மல்லிகைப்பூ மூட்டைக்கும் நடுவில் அதற்கு ஓர் இடம் பிடிக்க வேண்டும். அப்புறம் ருசி. கேசரியில் ஒரு விரல், பாயசத்தில் ஒரு கரண்டி, போளிப் பூரணத்தில் ஒரு கிள்ளு என்று பார்த்தாலே மத்தியானத்துக்குள் அது ஒரு முழுச் சாப்பாடு. அதனால் நாக்கில் வைத்துவிட்டுத் துப்பப் பழகினேன். பாகைக் கம்பிப் பதம் பார்த்தே முடித்துவிடுவேன். பாயசத்தின் இனிப்பை மட்டும் முனியம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். முனியம்மா என் குழுவில் காய் நறுக்குகிறவர். அரிவாள்மணையைவிட வாய் கூர்மை.

இதெல்லாம் கையால் செய்கிற வேலை. தலைக்குள் நடக்கிற வேலை இதைவிட அதிகம். முகூர்த்தம் எப்போது, பந்தி எப்போது, தள்ளிப்போனால் என்ன செய்வது, இப்போது போட்டுக்கொண்டால் எப்போது வாயில் எதையாவது வைக்க முடியும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு இந்தக் கணக்கை உடம்பே போட்டுக்கொள்கிறது. நமக்கு அது கையை விரித்துவிட்டது, நாமே உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது. தீபாவளிக்குக்கூட இதற்கு லீவு கிடையாது.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை மணவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் தெரிந்துகொண்டேன். ஊசி போட்டாயிற்று. டிபன் பந்தி அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகிறது. நான் பழக்கப்படி விறைப்பாக நிற்கிறேன். திடீரென்று எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். வடை தட்டுகிறவனைத் திட்டினேன். ரசத்துக்கு உப்புப் போட்டேன், போட்டதை மறந்து மறுபடியும் போட்டேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கிறது, நாக்கு குழறுகிறது, கால் ஒரு பக்கமாகப் போகிறது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் பெரியப்பா உள்ளே வந்தார்.

"ஆங்... மாஸ்டரு காலையிலயே தண்ணி போட்டுகினு நிக்கிறாருபா" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். வாசனை வரவில்லை. "இது வேற சரக்கு" என்று முடித்துவிட்டார்.

முனியம்மா ஒரு வெல்லக் கட்டியோடு வந்தார். அவர் புருஷனுக்கும் சர்க்கரை உண்டு. "முழுங்கு மாஸ்டரு. திட்றத அப்பறம் திட்டுவியாம்" என்று என் தாடையைப் பிடித்து உள்ளே திணித்தார். கொஞ்ச நேரத்தில் உலகம் பழையபடி நேரானது. ரசம்தான் நேராகவில்லை, கொட்டிவிட்டு வேறு வைத்தோம். தண்ணி மாஸ்டர் என்ற பெயர் அந்த வருடம் முழுக்க என்னோடு சுற்றியது.

அதற்குப் பிறகு என் குழுவில் ஒரு சட்டம் வந்தது. முதல் பந்திக்கு இலை விழுவதற்கு முன் எல்லோரும் அடுப்படிப் பின்பக்கம் நின்றபடியே நாலு இட்லி தின்றாக வேண்டும். யாராவது கேட்டால் ருசி பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். சாப்பிடுகிறோம் என்றால்தானே எச்சில்? ருசி பார்ப்பது நம் கடமையாயிற்றே! ஒரு காரியத்துக்குச் சரியான பெயரை வைத்துவிட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்பது நான் அன்றைக்குக் கற்ற வித்தை. அந்த வித்தையை ஒரு கல்யாணப் பெண்ணுக்காக எடுத்துவிட வேண்டிவந்தது, சில வருடங்களுக்கு முன்னால்.

பெண் வீடு பொதட்டூர்பேட்டை. பெண் பெயர் லாவண்யா. அப்பா வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, அவர்களும் நெசவுதான். மாப்பிள்ளைக்கு அப்பா காலமாகிவிட்டார். அம்மாதான் எல்லாம். வாட்டசாட்டமான அம்மா, குரலும் அதற்கேற்ற மாதிரி. மண்டபத்துக்குள் காலை வைத்ததும் நேரே அடுப்படிக்கு வந்து, எண்ணெய் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மணமேடையைப் பார்க்கப் போனார். இந்த அம்மாவிடம் மாட்டினால் தொலைந்தோம் என்று முனியம்மாவிடம் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், பொண்ணு இலைக்கு ஸ்வீட்டு மட்டும் வைக்காதீங்க. அதுக்குப் பல்லு வலி."

"எந்தப் பல்லுங்க?" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "அது... கடவாப் பல்லு."

"எனக்கும் கடவாப் பல்லுதாங்க. வருஷக்கணக்கா வலிக்குது. காலையில ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி போட்டுகினா அடங்கிக் கெடக்கும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு வந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஊசிதான். முன்னால் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து, விஷயம் தெரிந்ததும் முறிந்துபோனதாம். அதனால் இந்த இடத்தில் மூச்சு விடவில்லை.

"மாப்பிள்ளைக்குக் கூடவா தெரியாது?"

"போன்ல சொல்லிட்டேன் நைனான்னுது பொண்ணு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்னாராம் அவரு. பேசினாரா இல்லியா, யாருக்குத் தெரியும்? தாலி ஏர்ற வரைக்கும் வெளிய தெரிய வேணாங்க, மாஸ்டர். இதுவும் போச்சுன்னா எம்பொண்ணு தாங்க மாட்டா."

மறைப்பது தப்பு என்று அவருக்கு உபதேசம் செய்ய என் வாய் வரவில்லை. எனக்கும் அவர் பெண்ணுக்கும் ஒரே பல்வலி. அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டுகிறவரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அதனால் விடிகாலையில் அவள் ஊசி போட்டுக்கொண்டதும், அலங்காரம் தொடங்குவதற்கு முன் முனியம்மா இட்லித் தட்டை மூடி எடுத்துப் போய்க் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

காலையில் போன தட்டு போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

"ரூமுல மாமியாக்காரி ஒக்காந்துகினு பூ வச்சி வுடுது மாஸ்டரு. நகர மாட்டேங்குது" என்றார் முனியம்மா.

"ஊசி?"

"போட்டுகிச்சாம். கண்ணாலயே சொல்லுச்சி. தட்டைப் பாத்துச்சி பாரு ஒரு பார்வ."

சரி, முகூர்த்தம் சீக்கிரம்தானே, தாலி ஏறினதும் பால் பழம் கொடுத்துவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தாலி மண்டபத்தில் இல்லை. மலைமேல் சாமி பாதத்தில் வைத்து வாங்கி வருவதற்காக, மாப்பிள்ளையின் அக்கா புருஷன் அதை எடுத்துக்கொண்டு காரில் போயிருந்தார். அன்றைக்குக் கிருத்திகை. மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டி. போன் போட்டால், "வந்துகினே இருக்கேன், வந்துகினே இருக்கேன்" என்கிறார். வந்துகினே இருக்கேன் என்கிறவன் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்பது நம் தொழிலில் பால்காரனிடம் கற்ற பாடம்.

பெண்ணை மேடையில் உட்கார வைத்தாயிற்று. ஐயர் மந்திரத்தை இழுக்கிறார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்கிறார். நான் சாம்பாரைக் கிளறுவதும் வாசலுக்கு வந்து மேடையை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். முதலில் அவள் மேலுதட்டைத் துடைத்தாள். அலங்காரம் செய்த பெண் வந்து பவுடர் ஒற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒற்றினாள். ஐயர் கையில் கொடுத்த பூவை அவள் கீழே போட்டாள், எடுக்கக் குனிந்தவள் எதற்குக் குனிந்தோம் என்பதையே மறந்த மாதிரி அப்படியே இருந்தாள். "பொண்ணுக்கு வெக்கத்தப் பாரேன்" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். வெட்கப்படுகிறவளுக்கு வியர்வை இப்படி முத்து முத்தாக நிற்காது.

அப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். கைகூப்பியபடி உறைந்து நின்றார். அவர் நகரமாட்டார் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பிகளே, தங்கைகளே. அவளுக்கு இனிப்பை நீட்டினால் ஏன் என்று கேட்பார்கள், கல்யாணம் நின்றுபோகலாம். நீட்டாவிட்டால் அவள் மேடையிலேயே விழுவாள். அப்பா கெஞ்சியதும் காதில் இருக்கிறது, முறிந்துபோன பழைய சம்பந்தமும் ஞாபகத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒன்று தெளிவாக இருந்தது. என்ன ஆனாலும் இனிப்பு அவள் வாய்க்குள் போக வேண்டும், அதுதான் முதல். கல்யாணம் நிற்காமல் அதைச் செய்ய வழி இருந்தால் நல்லது, அது இரண்டாவது. வழி கிடைக்காவிட்டால் போட்டு உடைத்துவிடுவது என்றே நடந்தேன். இந்த வரிசையை என்றைக்கும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சிய பாகு தயாராக இருந்தது. அதில் தண்ணீரும் கொஞ்சம் கரைத்த வெல்லமும் விட்டு, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டேன். சீர்வரிசைத் தட்டிலிருந்து வெள்ளி டம்ளரை முனியம்மா எடுத்து வந்தார், ஒன்றே ஒன்று.

"இன்னொண்ணு எடு" என்றேன்.

"பொண்ணுக்குத்தானே?"

"எடுன்னா எடு."

ஒரு டம்ளர் என்றால் மருந்து. இரண்டு டம்ளர் என்றால் சம்பிரதாயம்.

ஷூவைக் கழற்றினேன். நெற்றி நிறைய விபூதி பூசி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டில் இரண்டு டம்ளரோடு மேடை ஏறினேன். பெண் பக்கம் திரும்பவே இல்லை. நேரே மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்றேன்.

"மன்னிக்கணும் சம்பந்தியம்மா. தணிகை பானகம். மேல தாலி சாமி பாதத்துல இருக்கற நேரத்துல, கீழ பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளையோட அம்மா கையால இதைக் குடுக்கணும். பொண்ணுக்குத்தான் மொதல்ல. நம்ம அடுப்புல அதான் வழக்கம். இது ஆவாம நான் பந்திக்கு இலை போடறதில்லீங்க."

அப்படி ஒரு வழக்கம் பூமியில் கிடையாது. அடுப்படிக்கும் மேடைக்கும் நடுவில் பிறந்தது அது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "இது எதுல..." என்று ஆரம்பித்தார். பெண்ணின் முகம் அவர் கண்ணில் பட்டது. எத்தனையோ பெண்களை மணையில் பார்த்த மனிதர். "ஆமாமா, மலை அடிவாரத்துல உண்டு. சீக்கிரம் குடுங்கோ, நாழியாறது" என்றார். அவரை அன்றைக்குக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார். அவள் கை டம்ளரைப் பிடிக்காமல் பக்கத்துக் காற்றைப் பிடித்தது. அம்மா அவள் தாடையைத் தாங்கிப் பிடித்துத் தானே புகட்டினார். மாப்பிள்ளை தன் டம்ளரை வாயில் வைத்த மாதிரி பாவனை செய்துவிட்டு, அப்படியே லாவண்யாவின் உதட்டுக்கு நீட்டினான். அவள் அதையும் குடித்தாள். "இன்னா மச்சான், இப்பவேவா!" என்று யாரோ விசிலடித்தார்கள். மண்டபமே கைதட்டிச் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இன்றைக்கும் சில மண்டபங்களில் தாலிக்கு முன்னால் தணிகை பானகம் வேண்டும் என்று கல்யாண வீட்டார் கேட்கிறார்கள், நீங்களும் பக்தியோடு கலக்கிக் கொடுக்கிறீர்கள். அதன் தல வரலாறு இவ்வளவுதான்.

அடுப்படிக்குத் திரும்பி ஷூவை மாட்டிக்கொண்டேன். முனியம்மா இட்லித் தட்டை என் கையில் திணித்து, "உனுக்கும் நேரமாச்சி, ருசி பாரு" என்றார். தின்றுகொண்டே எட்டிப் பார்த்தேன். லாவண்யா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. கீழே கிடந்த பூவைத் தானே எடுத்து ஐயரிடம் கொடுத்தாள். அப்புறம்தான் அக்கா புருஷன் தாலியோடு வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "ஏன் பாவா, மலைய சுத்திப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். கெட்டிமேளம் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

அட்சதை விழுந்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். குழுவே கரண்டியை நிறுத்தியது.

"மாஸ்டரு, நகரியிலயும் நாங்க இதே சாமியத்தான் கும்புடறோம். மாசம் தவறாம மலைக்கு வர்றோம். அப்படி ஒரு பானகத்த நான் கேள்விப்பட்டதே இல்ல."

நான் அடுப்பைத் தணிக்கக் குனிந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு சக்கரையோட ரொம்ப வருஷம் இருந்தாரு. எறங்கிப்போனா அவருக்கும் இப்படித்தான் வேர்க்கும். அந்தப் பொண்ணு தாடையைப் புடிச்சேன், என் கையெல்லாம் ஈரம். அப்பவே தெரிஞ்சிபோச்சு. கூப்புடுங்க அவங்க நைனாவ."

பெண்ணின் அப்பா வந்தார். வந்த வேகத்தில் அந்த அம்மாவின் காலில் விழப் போனார். "எந்திரிங்க சம்பந்தி" என்று ஓர் அதட்டல். எல்லாம் முடிந்தது, ஏறின தாலிக்கு இனி என்ன மரியாதையோ என்று நினைத்தேன்.

"சொல்லாம மறைச்சதுக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்குது. அத அப்பறம் வச்சிக்கறேன். காலையில ரூமுக்கு ஒரு தட்டு மூடி வந்துச்சே, என்னப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சே, அது இட்லியா?"

முனியம்மா தலையை ஆட்டினார்.

"ரெண்டு இட்லிக்கு என்னப் பாத்து பயந்தீங்களா? ஊசியப் போட்டுகினு ஒரு பொண்ணு பட்டினியா ஒக்காந்துகினு கெடக்குது, நான் அது தலையில பூ சுத்திகினு இருந்திருக்கேன். அது விழுந்திருந்தா? நான் அவ்ளோ பொல்லாதவளாயா?" குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு பெரிய உருவம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. "எம்புள்ள நேத்தே சொல்ல வந்தான் போலக்கீது. 'அம்மா, ஒண்ணு சொல்லணும்'னு பின்னாலயே சுத்திகினு இருந்தான். வாழமரம் வரல, பூ வரலன்னு நான்தான் தொரத்திட்டேன்."

பெண்ணின் அப்பா, "தப்புதாங்க, தப்புதாங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "இப்ப அது எவ்ளோ சாப்படணும்?" என்றார்.

"அதையே கேளுங்கம்மா. அதுக்குத்தான் தெரியும்" என்றேன்.

இட்லித் தட்டைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டு, மூடாமல், நடு மண்டபம் வழியாக மேடைக்குப் போனார்.

மத்தியானம் முதல் பந்தி. பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாயில் ஜாமூன் ஊட்டச் சொல்லி போட்டோகிராபர் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தான். உறவுக்காரர்கள் சுற்றி நின்று கேலி பேசுகிறார்கள். லாவண்யா இலையில் விழுந்த சோற்றை ஒரு பார்வை பார்த்தாள், கொஞ்சத்தை ஒதுக்கினாள், மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு கைப்பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை எடுத்தாள். கேலி சட்டென்று நின்றது.

மாமியார் அவசரமாக எழுந்து, தன் பட்டு முந்தானையை விரித்து, அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் திரையாகப் பிடித்தார். அன்பாகத்தான் பிடித்தார். லாவண்யா அந்த முந்தானையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"வேணாம் அத்தை. எத்தினி நாளைக்கு இப்படிப் புடிச்சிகினு நிப்பீங்க?"

எல்லோரும் பார்க்க, மேல்கையில் போட்டுக்கொண்டாள். நான் சாம்பார் வாளியோடு எதிரில் நிற்கிறேன். பல்வலி, ருசி பார்த்தல், பானகம் என்று பெயரை மாற்றி மாற்றியே பிழைத்தவன் நான். அதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எந்தப் பெயரையும் மாற்றவில்லை. அவள் முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

மாமியார் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாயைப் பிளந்துகொண்டு நின்ற சொந்தக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாத்தப் பாக்கறீங்க? எம்மருமவ ஊசி போட்டுக்கறா. ஊசி போட்டா ஒடனே சாப்படணும். மாஸ்டரு, நின்னுகினு இருக்காதீங்க, சாம்பார ஊத்துங்க."

ஊற்றினேன்.